கைக்குழந்தையை நம் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு கேட்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். எட்டு வருடமாக வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைக்கு மேல் எடுத்ததில்லை. இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்டவையும், பிள்ளையைக் கொண்டு வந்து விட்ட தாய்மார் கேட்டவையும், கேட்கக் கூச்சப்பட்டு விட்டவையும் இதில் இருக்கின்றன.

"வீட்டில சும்மாதானே இருக்கிறீங்க, இதுக்கும் காசா?"

இதை யாரும் இப்படி முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். "மாமி, நீங்க எப்பிடியும் வீட்டிலதானே நிப்பீங்க, இவனையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்களன்" என்றுதான் வரும். அந்த "ஒருக்கா" என்பது காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரைக்கும்.

பிள்ளை வருவதற்கு முன் நான் தையல் தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் இரண்டு சட்டை முடியும். பிள்ளை வந்த முதல் மாதம் ஒரு சட்டையின் கையைப் பொருத்த நாலு நாள் எடுத்தது. ஏணையில் போட்டு ஆட்டினால் தூங்கும், கையை எடுத்தால் கண் திறக்கும். மெஷின் சத்தம் கேட்டால் அதுவும் இல்லை. மீன்காரர் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் மீனைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். குளிப்பது பிள்ளை தூங்கினால்தான். ஆகவே நீங்கள் காசு வாங்குவது "பார்ப்பதற்கு" இல்லை, கட்டிப்போட்ட உங்கள் மணித்தியாலங்களுக்கு. இது உங்கள் மனதில் முதலில் நேராக வேண்டும். உங்களுக்கே சந்தேகம் இருந்தால் விலை சொல்லும்போது குரல் கீழே போய்விடும்.

சரி, எந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது?

பக்கத்து வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது தவறு. பக்கத்து வீட்டுக்காரியும் இன்னொரு பக்கத்து வீட்டைக் கேட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

நான் பிடிக்கும் அளவுகோல் இலங்கையின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம். 2025 ஏப்ரலில் அது மாதம் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரி தொடக்கம் மாதம் 30,000, நாளுக்கு 1,200. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150 ரூபாய். அந்தச் சட்டம் ஒரு முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்கானது. நம் வீட்டில் நாமே பிள்ளை பார்க்கிற நமக்கு யாரும் முதலாளி இல்லை. என்றாலும் ஒரு மனுசியின் ஒரு மணித்தியாலத்துக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று நாடு ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டை நாமும் பிடித்துக்கொள்ளலாம். இந்த மணித்தியாலங்களின் முடிவில் என் கைக்கு மணிக்கு 150 நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு பிள்ளைக்கு மாதம் 30,000 எந்தத் தாய் தருவாள்?

பெரும்பாலானோரால் முடியாது. பட்டதாரி ஆசிரியையாக இருந்தாலும் வீட்டு லோன், மோட்டார் சைக்கிள் லீசிங் கழித்து வரும் சம்பளத்தில் அவ்வளவும் நமக்குத் தந்துவிட்டால் அவள் வேலைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

அதனால்தான் இரண்டு பிள்ளை. என் கணக்கைச் சொல்கிறேன். டீச்சர்மாருக்குப் பாடசாலை 7.30 முதல் 1.30 வரை. போக வர நேரத்தையும் சேர்த்தால் பிள்ளை என்னிடம் ஏழு மணித்தியாலம் நிற்கும். மணிக்கு 150 என்றால் 1,050 ரூபாய். இரண்டு பிள்ளை என்றால் சரிபாதியாகப் பிரிப்பதில்லை, ஆளுக்கு அதில் 60 சதவீதம் எடுக்கிறேன், அதாவது 630. ஏன் பாதி இல்லை என்றால், இரண்டாவது பிள்ளை வந்ததும் வேலை இரட்டிப்பாகிறது, ஒன்று அழுதால் மற்றதும் எழும்பும். தாய்க்கு 1,050 க்குப் பதில் 630. எனக்கு நாளுக்கு 1,260. மாதத்தில் 20 பாடசாலை நாள் என்றால் ஒரு தாய் தருவது 12,600.

ஒரே ஒரு பிள்ளைதான் வேண்டும், வேறு பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தாய் கேட்டால் அதுவும் நியாயமான ஆசைதான். அதற்கு முழு 1,050. இதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அவள் வாங்குவது இரண்டு கையையும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எங்கள் பக்கத்துக்கே உரியது. ஒரு வருடம் என்னிடம் இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றின் தாய் கல்லடித் தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தவர், மற்றவர் காத்தான்குடி முஸ்லிம் பாடசாலை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு விடுமுறை வரும், தவணைகளும் அதற்கேற்ப மாறும். இவர் வீட்டில் நிற்க அவர் வருவார், அவர் நிற்க இவர் வருவார். வாரக்கணக்கில் ஒரு பிள்ளையை மட்டும் 630 க்குப் பார்த்தேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது இரண்டு வீட்டு விடுமுறைக் கலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று பிள்ளை எடுத்தால் இன்னும் லாபம்தானே?

ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளையுடன் வீட்டில் நெருப்புப் பற்றினால் எப்படி வெளியே ஓடுவீர்கள்? கை இரண்டுதான்.

மணிக்கணக்கா, நாட்கணக்கா, மாதக்கணக்கா?

கணக்குப் போடுவது மணிக்கு, பேசுவது நாளுக்கு, வாங்குவது மாதத்துக்கு. மணிக்கணக்கில் பேசினால் தாய் பத்து நிமிடம் முந்தி வந்த நாளெல்லாம் கழித்துக் கேட்பாள், நீங்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். மாதத்துக்கு ஒரே தொகை என்று பேசினால் சனிக்கிழமையும் அதற்குள் சேர்ந்துவிடும். "இந்தச் சனி மட்டும் அன்ரி, செமினார் ஒண்டு" என்று தொடங்கும். அடுத்த சனியும் செமினார்தான்.

நாலு மாதப் பிள்ளைக்கும் பத்து மாதப் பிள்ளைக்கும் ஒரே விலையா?

முதலில் பிள்ளை எந்த வயதில் நம்மிடம் வருகிறது என்று பாருங்கள். பிரசவ லீவு 84 வேலை நாட்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு தனியார் துறைக் கடை, அலுவலக ஊழியருக்கும் எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதுதான். விடுமுறைகள் அதில் சேராததால் கலண்டரில் நாலு மாதம் போகும். அரச உத்தியோகத்தர்கள் அதன் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமலும் எடுக்கலாம், ஆனால் கடன் உள்ள வீட்டில் அதை முழுதாக எடுக்கிறவர்கள் குறைவு. ஆகவே நம் வாசலுக்கு வரும் பிள்ளைக்கு நாலு, நாலரை மாதம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட இல்லை.

இந்த ஒன்றரை மாதம்தான் மிகப் பாரமான வேலை. பிழிந்து கொண்டு வரும் பாலை வந்த உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டும். 25 பாகை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் என்று சொல்வார்கள், நம் சித்திரை வெக்கையில் அடுப்படி மேசையில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். எடுத்ததை அடுப்பில் நேராகச் சூடாக்கக் கூடாது, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து மெல்லச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளை குடித்து மிச்சம் விட்டதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிண்ணம், கரண்டி, போத்தல் கழுவி அவிக்க வேண்டும். தாயின் மணத்துக்குப் பழகிய பிள்ளை முதல் வாரம் எதையும் வாயில் வாங்காது. மூன்று நாள் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றிய பிள்ளை ஒன்று இருந்தது. நாலாம் நாள் காலையில் ஒரு கிண்ணமும் குடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

ஆறு மாதம் வரைக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூட வாங்குகிறேன். ஆறு மாதம் முடிந்து கஞ்சி, பருப்பு என்று தொடங்கியதும் அதை நிறுத்திவிடுவேன். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால் எந்தத் தாயும் முகம் சுளித்ததில்லை. இடையில் கூட்டினால்தான் கோபம் வரும்.

தாய் இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தைக் கழிக்க வேண்டுமா?

தேவையில்லை. பிரசவ நன்மைகள் சட்டத்தின் கீழ் வரும் தாய்மாருக்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை கிடைக்க வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். பலருக்கு இது தெரியாது, நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அவள் வந்து போகும் நேரத்தில் நீங்கள் ஊர் சுற்றப் போவதில்லை, அவளுக்குத் தேத்தண்ணி போடுவீர்கள்.

நடக்கத் தொடங்கினால் குறைக்கலாம்தானே?

எங்கள் வளவுக் கிணற்றுக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பம்பஸ், பால்மா, சவர்க்காரம், காஸ்: யார் செலவு?

பிள்ளையின் உடம்புக்குள் போவதும் உடம்பில் படுவதும் தாய் கொண்டு வர வேண்டும்: பம்பஸ், பால்மா, எண்ணெய், சவர்க்காரம், துவாய், மாற்றுடுப்பு. ஏணைச் சீலையும் அவர்களுடையதே நல்லது, தாயின் பழைய சேலை என்றால் பிள்ளை சீக்கிரம் அடங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாடும் முடிந்தவரை அவர்களே கொண்டு வரட்டும். காத்தான்குடித் தாய் தன் பிள்ளைக்கென்று ஒரு சின்னச் சட்டியும் அகப்பையும் தந்திருந்தார். அதில் வேறெதுவும் சமைப்பதில்லை என்று அவரிடம் சொல்லி, அப்படியே வைத்திருந்தேன். அவரும் எட்டிப் பார்த்ததில்லை.

நம் செலவு என்று மிஞ்சுவது காஸ், கரண்ட், தண்ணீர். இதைத்தான் எல்லோரும் கணக்கில் விடுகிறார்கள். நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். 12.5 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 48 நாள் போகும். போத்தல் அவிக்கவும் சுடுதண்ணீர் வைக்கவும் தொடங்கிய பிறகு 36 நாளில் முடிந்தது. அப்படியென்றால் சிலிண்டர் விலையை 144 ஆல் பிரித்தால் வருவது பிள்ளைகளுக்காக ஒரு நாளில் எரிந்த காஸ். சிலிண்டர் 4,000 என்று வைத்தால் நாளுக்கு 28 ரூபாய்க்குக் கிட்ட. பெரிய தொகை இல்லை. ஆனால் காஸ், மோட்டர், பேன் மூன்றையும் சேர்த்தால் ஒரு நாளின் அரை மணித்தியாலக் கூலி போய்விடுகிறது. அதை 150 க்குள் விழுங்கிக்கொள்ளாமல் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 40 என்று தனியாகச் சேருங்கள். கணக்கு எழுதும் கொப்பியிலும் தனி வரியாக எழுதுங்கள்.

தாய் பிந்தி வந்தால்?

கல்முனை வீதியில் பஸ் பிந்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். கால் மணித்தியாலம் என்றால் நான் பேசுவதில்லை. அதற்கு மேலே ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் 100 ரூபாய். மணிக்கு 150 என்றால் அரை மணிக்கு 75தானே என்று கேட்டார் ஒருவர். விலை ஒன்றாக இருந்தால் பிந்துவதும் ஒரு வசதியாகிவிடும். கொஞ்சம் கூட இருந்தால்தான் ஓட்டோ பிடித்தாவது வருவார்கள்.

ஒரு கார்த்திகை மழை நாள். ஒரு தாய் ஆரையம்பதியில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டார். போனில் சார்ஜ் இல்லை. என் மகளுக்கு நாலு மணிக்கு டியூஷன், மழைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளை விடவும் முடியாது, பிள்ளையை யாரிடமும் கொடுக்கவும் முடியாது. அவர் வந்து சேர ஐந்தே கால். நனைந்து, நடுங்கி, "மாமி மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று அழுகிற நிலையில் நின்றவரிடம் எப்படிக் காசு கேட்பது? கேட்கவில்லை. மாத முடிவில் கொப்பியைப் பார்த்துவிட்டு அவரே அந்தக் காசைச் சேர்த்து வைத்தார். கொப்பி இருந்ததால் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பாடசாலை விடுமுறையில் டீச்சர் பிள்ளையைக் கொண்டு வரமாட்டார். அந்த மாதம் என்ன செய்வது?

சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் வந்தால் டீச்சர்மாருக்கு நாம் தேவையில்லை. ஆனால் நம் வீட்டு அரிசிப் பானைக்கு ஆகஸ்ட் தெரியாது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால், வராத பிள்ளைக்கு ஏன் காசு? நம் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தால் செப்டம்பரில் அவர் எங்கே போவார்?

நான் அரைவாசி வாங்குகிறேன், இடத்தைப் பிடித்து வைப்பதற்கு. போயா (பௌர்ணமி), அரச விடுமுறைகளுக்கு எதுவும் இல்லை, அவை நாட்கணக்கில் தானாகவே விழுந்துவிடும். தாய் தன் விருப்பத்துக்கு எடுக்கும் லீவு நாளுக்கு முழுக் காசு, ஏனென்றால் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் சொன்னால் அது பிச்சை கேட்பது போல் இருக்கும்.

எனக்கு லீவு வேண்டுமென்றால்?

உங்களுக்கு லீவு என்றால் அன்றைக்குக் காசு இல்லை, அவ்வளவுதான். ஆனால் நாட்களை முன்னுக்கே கொடுத்துவிடுங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, அதை முடிக்கும் குளிர்த்தி வரைக்கும் நான் வீட்டில் நிற்க மாட்டேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். இந்த நாட்களைத் தை மாதமே ஒரு துண்டில் எழுதித் தாய்மாருக்குக் கொடுத்துவிடுவேன், அவர்கள் தங்கள் லீவை அதற்கேற்ப ஒதுக்குவார்கள். திடீரென்று எனக்குக் காய்ச்சல் வந்தால், அது யாருடைய குற்றமும் இல்லை. அன்றைக்குப் பார்க்க இன்னொரு ஆள் யார் என்று தாயே முதலில் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசி போட்ட நாளும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளும்?

நாலு மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று கிளினிக்கில் ஊசி வரும். நாலிலும் ஆறிலும் போடும் ஊசிக்குச் சில பிள்ளைகள் அன்று இரவு கொதிக்கும். ஊசி நாள் தாய் லீவு எடுக்கட்டும், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. அடுத்த நாள் காய்ச்சல் இல்லையென்றால் கொண்டு வரலாம்.

காய்ச்சலோடு பிள்ளையை ஏற்பதில்லை. இன்னொரு பிள்ளையும் என்னிடம் இருக்கிறது. அந்த நாளுக்கு அரைவாசி வாங்குகிறேன், ஒரு தொடர் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மிச்ச நாட்களுக்கு வாங்குவதில்லை. தன் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, தாயிடம் இடம் பிடித்த காசு கேட்க என்னால் முடியவில்லை. மருந்து விடயத்தில் ஒன்று: தாய் எழுதித் தராத எதையும் கொடுக்காதீர்கள். பரசிட்டமோல் பாணியும் பிள்ளையின் நிறைக்கு எத்தனை மில்லி என்று வைத்தியரோ மிட்வைஃப் மிஸ்ஸோ சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல விலை கேட்பதற்கு வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

தாய் முதல் தடவை வரும்போது நான் ஏணையைக் காட்டுவதில்லை, கிணற்றைத்தான் காட்டுவேன். கட்டு இடுப்பளவு, மேலே கம்பி வலை. பிறகு குளியலறை, தண்ணீர் நிரப்பிய வாளி அங்கே இராது. தவழும் பிள்ளைக்கு அரைவாளித் தண்ணீர் போதும். நுளம்பு வலை பகலிலும் போட வேண்டும், டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். பிள்ளையை மல்லாக்காகத்தான் படுக்க வைப்பேன், தலையணை இல்லை. ஏணையில் கிடந்தால் நான் அந்த அறையை விட்டுப் போவதில்லை, போத்தலை வாயில் வைத்துவிட்டு ஏணையில் விடுவது என்பது என் வீட்டில் கிடையாது. ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு நாக்கில் வைக்கும் பழக்கமும் இல்லை, எந்தப் பெத்தா (பாட்டி) வந்து சொன்னாலும். சுவரில் இரண்டு நம்பர் ஒட்டியிருக்கிறது: தாயின் வேலைத்தலம், 1990 இலவச அம்புலன்ஸ்.

இவையெல்லாம் காசு கேட்க உதவுமா என்றால், உதவும். கிணற்றைப் பார்த்த தாய் 50 ரூபாய்க்குப் பேரம் பேசியதில்லை.

தாதி உத்தியோகத்தர் கேட்கிறார், இரவும் பார்க்கலாமா?

அவர்களுடைய முறை காலை 7 முதல் பகல் 1, பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7. பகல் முறைகள் சரி, வாரத்துக்கு வாரம் மாறும் பட்டியலை மட்டும் முன்னுக்கே தர வேண்டும். இரவு என்றால் பன்னிரண்டு மணித்தியாலம், 1,800. அதில் எதையும் குறைக்காதீர்கள், "பிள்ளை தூங்கும்தானே" என்பார்கள். பிள்ளை தூங்கும், நாம் தூங்க மாட்டோம். நான் ஒரே ஒரு மாதம் செய்து பார்த்தேன். அடுத்த நாள் பகல் பிள்ளைகளுக்கு என்னிடம் பொறுமை மிஞ்சவில்லை. இப்போது இரவு எடுப்பதில்லை.

சொந்தக்காரரின் பிள்ளை என்றால்?

எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். தாய் மகளோடு அதே வளவில் இருப்பாள், பேரப்பிள்ளை அவள் மடியில் வளரும். காசு என்ற பேச்சே வராது. இந்த வேலைக்கு ஒரு விலை இல்லாமல் போனதற்கும் அதுதான் காரணம். இன்று அம்மம்மா குவைத்தில் இருக்கலாம், மகளுக்கு அக்கரைப்பற்றுக்கோ வாழைச்சேனைக்கோ இடமாற்றம் வந்திருக்கலாம். வேலை மட்டும் அப்படியே இருக்கிறது, மடிதான் மாறிவிட்டது.

சொந்தத்தில் பிள்ளை வரும்போது முதல் வாசகமே "சித்தி" என்றுதான் தொடங்கும். சித்தி என்று கூப்பிட்ட பிறகு காசு பேசினால் நாக்கு புரளாது. என் வழி இதுதான்: முறை சொல்லிக் கூப்பிட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னாலேயே, "புள்ள, நான் இதைத் தொழிலாச் செய்யிறன், கொப்பியப் பாத்திட்டுப் பிறகு கதைப்பம்" என்று விடுவேன். அக்காவின் மகளுக்கு 630 க்குப் பதில் 500 வாங்கினேன். அந்த 130 ஐயும் கொப்பியில் "கழிவு" என்று எழுதினேன். எழுதாவிட்டால் அது கழிவாகத் தெரியாது, அதுதான் விலை என்று நினைத்துவிடுவார்கள், ஊருக்கும் அப்படியே சொல்வார்கள். அதற்கும் மனமில்லையென்றால் முழுதாக இலவசமாகவே பாருங்கள், ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும். அரைகுறை விலைக்கு முழு வாரமும் பார்ப்பதில்தான் உறவு கெடும்.

காசுக்குப் பதில் அரிசியோ மீனோ தந்தால்?

படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்த தாய் ஒருவர், பெரும்போகம் வெட்டி முடிந்ததும் ஒரு மூட்டை அரிசி இறக்கினார். சந்தோசமாக வாங்கினேன், மாதக் காசில் கழிக்கவில்லை, அவரும் கழிக்கச் சொல்லவில்லை. தருவது அன்பளிப்பா சம்பளமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சம்பளம் என்றால் அன்றைய கடை விலைக்குக் கொப்பியில் ஏறட்டும். மீன் என்றால் அன்பளிப்பாகவே இருக்கட்டும், அதற்கு விலை போட்டால் மணக்கத் தொடங்கிவிடும்.

எழுதி வைக்க வேண்டுமா? நம்பிக்கை இல்லாதது போல் இருக்காதா?

ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி) போதும். முதல் பக்கத்தில்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எதற்கு ஒவ்வாமை, யார் யாரிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்கலாம். இரண்டாம் பக்கத்தில் விலை, பிந்தினால் எவ்வளவு, விடுமுறைக்கு எவ்வளவு, காசு எந்தத் தேதி. கீழே இரண்டு பேரின் கையொப்பம். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வரி: வந்த நேரம், போன நேரம், எத்தனை தரம் குடித்தது, எத்தனை தரம் வெளிக்குப் போனது, எவ்வளவு தூங்கியது. தாய் பின்னேரம் அதைத்தான் முதலில் வாசிப்பாள். வாட்ஸ்அப்பில் மணிக்கொரு படம் கேட்பவர்களுக்கு நான் மத்தியானம் ஒன்று அனுப்புவேன், அதற்கு மேல் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு பிள்ளை பார்க்க முடியாது.

"பிள்ளையை யாரிடம் கொடுக்கலாம்" என்ற வரியைத் தட்டிக்கழிக்காதீர்கள். தாயும் தகப்பனும் பிரிந்திருந்த ஒரு வீட்டில் அந்த வரி என்னைக் காப்பாற்றியது. அவ்வளவுதான் சொல்லலாம்.

மாதக் காசு இழுத்துக்கொண்டே போனால்?

அரச சம்பளம் மாதத்தின் இருபதுகளில் விழும், அதற்கு அடுத்த நாளைத் தேதியாக வையுங்கள். தொடங்கும்போது ஒரு வாரக் காசு முற்பணம். ஒரு மாதம் பிந்தினால் கேளுங்கள், இரண்டாவது மாதமும் பிந்தினால் முற்பணம் முடியும் நாள்தான் கடைசி நாள் என்று சொல்லுங்கள். பிள்ளை மேல் பாசம் வந்துவிட்ட பிறகு இதைச் சொல்வது பெரிய கஷ்டம். எனக்கு ஒருமுறை முடியவில்லை. மூன்று மாதக் காசு இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறது, ரோட்டில் கண்டால் ஓடி வருகிறது, தாய் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பதிவு, வரி என்று ஏதும் இருக்கிறதா?

ஒன்றிரண்டு பிள்ளையைத் தாண்டி, போர்டு போட்டு நடத்துவதென்றால் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், முதலில் அவரிடம் போய்க் கதையுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் சொல்லி வையுங்கள், அவர் அனுப்பும் தாய்மார்தான் நல்ல தாய்மார். வருமான வரி வருடம் 18 லட்சத்துக்கு மேல் போனால்தான். இந்த வேலையில் அந்தப் பயம் வேண்டாம்.

விலையை எப்போது, எப்படிக் கூட்டுவது?

வருடத்துக்கு ஒருமுறை, தை மாதம். புரட்டாதி கழிந்ததும் வாயாலும் கொப்பியிலும் சொல்லிவிடுவேன். 27,000 முப்பதாயிரம் ஆனபோது நானும் அதே வீதத்தில் மணிக்கு 135 ஐ 150 ஆக்கினேன். காரணத்தையும் அப்படியே எழுதினேன். ஒரு தாய் மட்டும், "மாமி, என்ர சம்பளம் கூடல்லியே" என்றார். உண்மைதான். அவருக்கு மூன்று மாதம் பழைய விலை, பிறகு புதியது என்று ஒப்புக்கொண்டோம். சந்தையில் பேரம் பேசுவது போல் ஐம்பது, நூறு என்று இறங்கிக்கொண்டு போகாதீர்கள். குறைப்பதென்றால் வேலையையும் குறையுங்கள்: காஸை அவர் பார்க்கட்டும், கஞ்சியை அவரே காய்ச்சிக் கொண்டு வரட்டும், ஒரு மணித்தியாலம் முந்தி வரட்டும்.

பிள்ளை வருவதை நிறுத்தும்போது கணக்கை எப்படி முடிப்பது?

இரண்டு பக்கமும் ஒரு மாதம் முன்னுக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தாய் சொல்ல மாட்டார், இரண்டு வயதாகும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். கடைசி நாள் கொப்பியைத் திறந்து, பிந்திய அரை மணித்தியாலங்கள், விடுமுறை நாட்கள் எல்லாம் கூட்டி, முற்பணத்தில் கழித்து, மிச்சத்தை அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுங்கள். "பரவாயில்ல மாமி, வச்சுக்கொள்ளுங்க" என்பார்கள். முதலில் கொடுத்துவிடுங்கள், பிறகு அவர்கள் திருப்பித் தந்தால் வாங்கலாம். கடைசி வரியில் "கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். கொப்பியைத் தாயிடம் கொடுங்கள். மிச்சம் இருக்கும் பம்பஸையும் கட்டிக் கொடுத்தனுப்புங்கள், அவை அவர்கள் காசுக்கு வாங்கியவை.